நான் கண்டோம்

கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளியிலிருந்து முதல்வர் வரை எல்லோருக்கும் அவள் ‘மற்றும் மேடம்’தான். புதிதாகச் சேரும் மாணவர்கள் அதை ஏதோ குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருத்தன் விடுப்புக் கடிதத்தில் ‘மதிப்பிற்குரிய மற்றும் அவர்களுக்கு’ என்று எழுதிக்கொண்டு வந்து பயபக்தியோடு நின்றான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பெயர் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பொருளாதாரக்காரர்கள் கட்டுரையில் பெயர் போடும்போது யார் மூத்தவர், யார் அதிகம் உழைத்தவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அகர வரிசை, அவ்வளவுதான். படித்தவர்கள் பெயருக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்து அலுத்துப்போன யாரோ செய்துவைத்த ஏற்பாடாக இருக்கும். அவளோடு சேர்ந்து எழுதியவரின் பெயர் அகரத்தில் தொடங்கும். அவள் பெயர் வகரத்தில். ஆகவே கட்டுரைக்குக் கட்டுரை முதலில் அவர், பிறகு ‘மற்றும்’, பிறகு அவள். ஒரு வருடம் மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் இடம் போதாமல் அவர் பெயரோடும் ‘மற்றும்’ என்ற சொல்லோடும் வரி முடிந்துவிட்டது. அடுத்த வரியை அச்சுக்காரர் விழுங்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் ‘அகரம்’, இவள் ‘மற்றும்’. அவருக்கு அதில் கொஞ்சம் சங்கடம். அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பிடித்தே இருந்தது. மற்றும் என்றால் அதற்கு முன்னால் கட்டாயம் ஒருவர் இருந்தாக வேண்டுமே.

இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். துறையின் கோடி அறையில் எதிரும் புதிருமாக இரண்டு மேசைகள். மற்றவர்கள் நாட்டின் வருமானம், உலக வர்த்தகம் என்று பெரிய பெரிய விஷயங்களில் தலையைக் கொடுத்திருக்க, இவர்கள் பிடித்துக்கொண்டது முடிவெட்டும் கடையை. ஒரே தெருவில் நாலு சலூன் இருந்தால் நாலும் ஏன் ஒரே விலை வாங்குகின்றன, யார் முதலில் விலையை ஏற்றுகிறார்கள், மற்றவர்கள் எப்போது பின்னால் போகிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக் கட்டுரைகளுக்குத்தான் வருடாவருடம் பொருளாதார மாநாட்டில் இடம் கிடைத்தது.

ஆண்கள் முடிவெட்டும் கடைக்குள் ஒரு பெண் போய் எத்தனை கேள்வி கேட்டுவிட முடியும்? அதனால் அகரம் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். தலை குனிந்த வாக்கிலேயே கேள்வி கேட்பார். பின்னால் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து அவள் எழுதிக்கொள்வாள். கடைக்காரர்கள் அவளை மனைவி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். “காது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கலாமாம்மா?” என்று கண்ணாடி வழியாக அவளைக் கேட்பார்கள். அகரத்துக்கு ஏற்கெனவே முடி கம்மி. ஆராய்ச்சி மும்முரமாக நடந்த காலங்களில் வெட்டுவதற்கே எதுவும் இருக்காது. “இனிமே ஷேவிங் மட்டும் போதும் சார், பொருளாதாரத்துக்காக மொட்டையா அடிச்சுக்கறது?” என்று ஒரு கடைக்காரர் கேட்டு, மூவரும் சிரித்துச் சிரித்து, அன்றைய குறிப்பு பாதியில் நின்றது.

காதலா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அது இல்லை. அவருக்கு மனைவி, குழந்தைகள் எல்லாம் உண்டு. அந்த மனைவி இவளுக்கும் டப்பாவில் சாப்பாடு கொடுத்து அனுப்புவாள். ஆனால் ஒரு வாக்கியத்தை ஒருவர் தொடங்கி இன்னொருவர் முடிப்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. “இங்க ‘ஆகவே’ வராது மேடம், ‘ஆயினும்’தான் வரும்” என்று அவர் சொல்வார். அவள் எரிச்சலோடு அடித்துவிட்டு எழுதுவாள். மறுநாள் திரும்ப ‘ஆகவே’ என்று மாற்றிவைப்பாள். அவளுக்குக் கல்யாணப் பேச்சு சில முறை வந்து, தட்டிப்போய், பிறகு அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. அந்த வருடங்களில் அவள் பெரிதாக இடிந்துபோகாததற்குக் காரணம் அந்தக் கோடி அறைதான்.

பிறகு அகரத்துக்கு வேறொரு ஊரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. அவள்தான் போகச் சொன்னாள். போகச் சொல்லாமல் என்ன செய்வது? “வாரத்துக்கு ஒரு தடவை பேசிடலாம் மேடம், எழுதறதை விட்டுடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் வாரத்துக்கு ஒரு முறை பேசினார்கள். பிறகு மாதத்துக்கு ஒரு முறை. பிறகு புத்தாண்டுக்கு மட்டும் ஒரு வாழ்த்து, அதுவும் பத்துப் பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பியது. எதிர் மேசையில் அலுவலக உதவியாளர் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவைத்தார். அந்தக் கட்டுகள் உயர்ந்து உயர்ந்து எதிர்ச்சுவரை மறைத்துவிட்டன.

அவள் இருந்தது ஒரு வீட்டின் மாடியில், இரண்டு அறையில். சமைப்பாள், சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், வானொலியைப் போட்டுவிட்டுப் பாடம் தயார் செய்வாள். கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பார்த்தால் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள். விடுமுறை நாட்களில் சில சமயம் மாலைவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, போனை எடுக்கும்போது தொண்டை கட்டிக்கொண்டு குரல் வராது. “சளியாடி?” என்று அக்கா கேட்பாள். “ஆமா, லேசா” என்பாள். அவளுக்கு ஆள் தேவையாக இருந்தது. அதை அக்காவிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சும்மா இருக்க முடியாமல்தான் அந்தக் கட்டுரையைத் தொடங்கினாள். கேள்வி அகரம் கேட்டதுதான். ஊரைவிட்டுப் போவதற்குக் கொஞ்சம் முன்னால், இருவரும் ரோட்டைத் தாண்டும்போது, ஒரு பஸ்ஸுக்காக நடுவில் நின்ற இடத்தில் கேட்டார்: “ஆளே வராத கடைக்காரன் ஏன் மேடம் விலையைக் குறைக்க மாட்டேங்கறான்?” பஸ் போனது, ரோட்டைத் தாண்டினார்கள், பேச்சு மாறிவிட்டது. அவள் மட்டும் அதை விடவில்லை. இப்போது நாற்காலியில் உட்கார ஆள் கிடையாது என்பதால் தானே கடை கடையாக ஏறி இறங்கினாள். முதலில் வாசலில் நின்று கேட்டாள், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். தெருக்கோடிக் கடைக்காரர் கையில் கத்தரியோடு சும்மா உட்கார்ந்திருந்தவர், அவளைப் பார்த்ததும் எழுந்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சார் வரலையாம்மா?”

“வேற ஊருக்குப் போயிட்டாங்க.”

“அப்படியா. திரும்பி வருவாரா?”

“தெரியலை.” பேச்சை மாற்றக் கேள்விக்குப் போனாள். “நீங்க விலையைக் குறைச்சா ஆள் வராதாண்ணா?”

“குறைச்சா, இவனுக்குக் கை சரியில்லைபோலன்னு நினைப்பாங்கம்மா. இப்ப வராதவன் சும்மா வரலை. அப்புறம் காரணத்தோட வரமாட்டான்.”

கட்டுரையின் சாரமே அதுதான். அதைக் கடை கடையாகக் கேட்டு, கணக்குப் போட்டு, அட்டவணை கட்டி, அது சரிதான் என்று நிறுவுவதற்கு அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. எழுதியும் முடித்தாள். பழக்க தோஷத்தில் முழுவதும் ‘நாங்கள்’ என்றே எழுதியிருந்தாள். அது அவளுடைய தனி நோய் இல்லை. அந்தத் துறையில் எல்லோருக்கும் உள்ளது. பூட்டிய அறையில் ஒண்டியாக உட்கார்ந்து எழுதுகிறவர்கூட ‘நாங்கள் கண்டோம், நாங்கள் வாதிடுகிறோம்’ என்று பட்டாளத்தைப் பின்னால் வைத்துக்கொண்ட மாதிரித்தான் எழுதுவார்.

அந்த வருடம் யாருக்கு எரிச்சல் வந்ததோ, மாநாட்டுக்காரர்கள் கட்டுரை அனுப்பும் பக்கத்தில் ஒரு புது விதியைச் சேர்த்திருந்தார்கள். ஒருவர் மட்டும் எழுதிய கட்டுரைகளில் ‘நாங்கள்’ என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும். கடைசி நாள் பிற்பகலில்தான் அவள் அதைப் பார்த்தாள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. கணினியில் ‘நாங்கள்’ வரும் இடமெல்லாம் ‘நான்’ என்று மாற்றச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

நம் மொழியின் சமாச்சாரம் கணினிக்குத் தெரியுமா? இங்கே வினைச்சொல்லும் ஆளைச் சொல்லிவிடும். கணினி தலையை மாற்றியது, வாலை விட்டுவிட்டது. ‘நான் கண்டோம்.’ ‘நான் ஒப்பிட்டோம்.’ ‘நான் இவ்வாறு கருதுகிறோம்.’ ‘நாங்களே’ என்று வந்த இடங்களில் கையே வைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் இந்த லட்சணத்தில் அது போய்ச் சேர்ந்தது.

சில வாரங்கள் கழித்து மாநாட்டுச் செயலாளர் போனில் கூப்பிட்டார்.

“மேடம், உங்க கட்டுரையைப் படிச்ச ரெண்டு பேருமே நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே சந்தேகம். இதை எழுதினது ஒருத்தரா, ரெண்டு பேரான்னு.”

“ஒருத்தர்தான் சார். நான்தான்.”

“‘நான் கண்டோம்’னு இருக்கே?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணினியில் நடந்த கூத்தைச் சொன்னாள். செயலாளர் சிரித்தார், ஆனால் விடவில்லை.

“எனக்குப் புரியுது மேடம். ஆனா கூட எழுதினவர் பேரைக் கடைசி நிமிஷத்துல எடுத்துட்ட மாதிரி இருக்குன்னு ஒருத்தர் எழுதிட்டார். உங்க பழைய கட்டுரை எல்லாமே ரெண்டு பேர் பேர்லதான் இருக்கு. போன வருஷம் இப்படி ஒரு தகராறு வந்து நாங்க பட்ட பாடு போதும். அவர்கிட்ட இதுல எனக்குப் பங்கு இல்லைன்னு ஒரு வரி வாங்கி அனுப்பிடுங்க. பங்கு இருக்குன்னு சொன்னார்னா, பேரைச் சேர்த்துக்கலாம், அதுல ஒண்ணும் கஷ்டமில்லை. எதுவா இருந்தாலும் திருத்தின கட்டுரையோட வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்.”

வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். திருட்டுப் பட்டம் கட்டாத குறை. அவளுக்குக் கோபம் வரவில்லை. போனை வைத்ததும் முதலில் தோன்றியது சந்தோஷம். அவரைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. சும்மா கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் எத்தனையோ முறை எண்ணைத் தேடி எடுத்துவிட்டுக் கூப்பிடாமல் விட்டிருக்கிறாள். இப்போது மாநாடே கூப்பிடச் சொல்கிறது. கேள்வி அவருடையதுதானே? பேரைச் சேர்த்தால் அதில் தப்பென்ன? சேர்த்தால் மாநாட்டுக்கு வருவார். வந்தால் சேர்ந்து பேசலாம். அப்புறம் இன்னொரு கட்டுரை எழுதலாம். கட்டுரை தேறுமா தேறாதா என்பதைவிட அவர் ‘போடுங்க, என் பேரையும் போடுங்க’ என்று சொல்வாரா என்பதே அவளுக்குப் பெரிதாகிவிட்டது.

அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்.

“அந்த மனுஷன் பேரு எதுக்குடி? ஊரைவிட்டுப் போனதுக்கப்புறம் ஒரு நாள் எட்டிப் பார்த்தாரா?”

“கேள்வி அவர் கேட்டது, அக்கா.”

“கேள்வி நான்கூடத்தான் தினமும் கேக்கறேன், எப்ப நீ இங்க வந்து என்கூட இருக்கப்போறேன்னு. அதுக்கு ஒரு கட்டுரை எழுதேன்.”

அக்காவுக்கு வாய் நீளம், மனசு நல்லது. அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம், வகுப்பு இல்லாத நேரத்தில், கோடி அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

“என்ன மற்றும் மேடம்!” அகரத்தின் குரல் அப்படியே இருந்தது. “இந்தப் பேரைச் சொல்லி எத்தனை நாளாச்சு! எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் படிக்கிறாள். அவள் விஷயத்துக்கு வந்தாள். செயலாளர் சொன்னதையும் ‘நான் கண்டோம்’ கதையையும் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குத் தைரியம் வந்தது.

“எந்தக் கட்டுரை இது?” என்றார்.

“ஆளே வராத கடை ஏன் விலையைக் குறைக்கறதில்லைங்கறது. நீங்க கேட்ட கேள்விதான் சார்.”

“நானா கேட்டேன்?”

“ரோட்டைத் தாண்டும்போது. நடுவுல ஒரு பஸ் வந்துச்சே, அப்ப.”

“பஸ்ஸும் ஞாபகம் இல்லை, கேள்வியும் ஞாபகம் இல்லை மேடம். நல்ல கேள்வியாத்தான் இருக்கு.”

“அதனாலதான்... உங்க பேரையும் சேர்த்துட்டா...” ஓட்டிப் பார்த்த வாக்கியம் பாதியில் நின்றது. முடித்துக்கொடுக்க அவர் இருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ.

“ஐயய்யோ, வேண்டவே வேண்டாம். செய்யாத வேலைக்குப் பேரு எதுக்கு? பழைய கட்டுரைகளை நினைச்சாலே எனக்குக் கூச்சமா இருக்கும்.”

“எதுக்கு சார் கூச்சம்?”

“பின்னே என்ன? எல்லாம் நீங்க எழுதினதுதானே. நான் போய் நாற்காலியில உட்கார்ந்து முடி வெட்டிக்கிட்டேன். அகர வரிசை புண்ணியத்துல என் பேரு முன்னாடி நின்னுச்சு. உண்மையைச் சொல்லணும்னா ஆரம்பத்துல இருந்தே நீங்க தனியாதான் பண்ணிட்டிருந்தீங்க மேடம். நான் சும்மா கூட இருந்தேன், அவ்வளவுதான். என் மனைவிகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா?”

அவர் மனசாரச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அதில் ஒரு துளி கள்ளமில்லை.

“நீங்க கேட்டீங்க, நான் எழுதினேன்” என்றாள்.

“அதெல்லாம் ஒரு வேலையா?” என்று சிரித்தார். யாரோ அங்கே அவரைக் கூப்பிட்டார்கள். “அந்த ஒரு வரிதானே, இப்பவே அனுப்பிடறேன். ரொம்ப சந்தோஷம் மேடம். தைரியமா தனியா நில்லுங்க.”

சொன்னபடியே உடனே அனுப்பினார். ‘இக்கட்டுரையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.’ கீழே ஒரு பூப்படம். இத்தனை வருடத்தில் அவரிடமிருந்து இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததே கிடையாது.

அவர் பேர் வேண்டாம் என்றது வலிக்கவில்லை, அதற்கு அவள் பாதி தயாராகத்தான் இருந்தாள். அகரம் போன பிறகுதான் தனியாக ஆனோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு வந்த வருடங்கள் போகட்டும், அதற்கு முந்தைய வருடங்களாவது கையில் இருக்கின்றன என்று நினைத்திருந்தாள். அவற்றையும் அவர் இப்போது பெருந்தன்மையாக அவள் ஒருத்தி பேருக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். அழுகை வந்தது. அறைக் கதவு சாத்தியிருந்ததால் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

இந்த முறை ஒரே தட்டில் மாற்றுகிற வேலை இல்லை. ஒவ்வொரு வினையாகத் தேடிப் போனாள். கண்டோம் என்பதைக் கண்டேன் ஆக்கினாள். ஒப்பிட்டோம் ஒப்பிட்டேன் ஆனது. கருதுகிறோம், கருதுகிறேன். முதலில் சில பக்கங்களுக்கு அது தற்பெருமை மாதிரி ஒலித்தது. பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. போகப் போகக் காது பழகிவிட்டது.

ஆய்வு முறையைச் சொல்லும் பகுதிக்கு வந்தாள். அதை அவள் புதிதாக எழுதவே இல்லை. பழைய கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். எல்லாக் கட்டுரையிலும் அந்தப் பத்தி அதேதான், யாரும் படிப்பதில்லை, அனுப்பிய நாளில் அவளும் படிக்கவில்லை. அதில் ஒரு வரியில் ‘நாங்கள்’ என்ற சொல்லே இல்லாததால் கணினியும் தொடவில்லை. ‘எங்களில் ஒருவர் கேட்க, மற்றவர் குறித்துக்கொண்டார்.’

வினையின் வாலை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. சுட்டியை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். வெளியே வகுப்புகள் முடிந்து, பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு தரம் அந்த வரியையே எடுத்துவிடலாமா என்று தோன்றியது. ஆய்வு முறையைச் சொல்லாமல் கட்டுரை அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். அழித்துவிட்டு, வார்த்தை வார்த்தையாக அடித்தாள்.

‘நான் கேட்டேன். நானே குறித்துக்கொண்டேன்.’

ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பிழை எதுவும் இல்லை.